எட்டு மணிப் பாத்திரம்

அலோன்
ரங்கூன்
21.3.2021

அன்புள்ள அண்ணன் மாரிச்சாமிக்கு, தங்கை வேலம்மா எழுதுவது. நீங்களும் கமலாட்சி மதினியும் பிள்ளை சேகரும் நோய் நொடி இல்லாமல் இருக்கிறீர்களா? என் உடம்புக்கு ஒன்றும் இல்லை. உடம்பு மட்டும்தான் இருக்கிறது.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைக்காதீர்கள். வழியில் நிறுத்திப் போனைத் திறந்து பார்க்கிறான்கள். போஸ்ட் ஆபீஸ் ஆட்களும் வேலைக்குப் போகாமல் நிற்கிறார்கள். அதனால் உங்கள் ஊர் கியாக்தானுக்குப் பஸ் ஓட்டுகிற ரிஹான் பாயிடம் கொடுத்து விடுகிறேன். தமிழ் எழுத்தைப் பார்த்தால் சிப்பாய்க்கு ஒன்றும் விளங்காது. கோயில் பள்ளிக்கூடத்தில் மூன்று வருஷம் படித்தது இதற்காவது ஆகட்டும்.

என் பிள்ளை மணி போய் ஒரு வாரம் ஆகிவிட்டது. நீங்கள் வரவில்லை.

ஆட்சியைப் பிடுங்கிக்கொண்ட பட்டாளத்தை எதிர்த்துத் தினமும் எட்டு மணிக்கு ஊரே பாத்திரம் தட்டுகிறதே, உங்கள் ஊரிலும் தட்டுவார்கள். வீட்டில் புகுந்த பீடையைத் தகரம் தட்டி விரட்டுவது பர்மாக்காரர்கள் வழக்கம். அன்றைக்கு மணி கீழே தெருமுனையில் லைட் கம்பத்தை ஒரு இரும்புக் கம்பியால் தட்டிக்கொண்டிருந்தான். லாரி வந்தது. ஊர் தட்டுகிற சத்தத்தில் லாரிச் சத்தம் யாருக்கும் கேட்கவில்லை. சுட்டது கேட்டது. மூன்று மாடி நான் இறங்கி வருவதற்குள் அவனைத் தூக்கி லாரியில் போட்டுக்கொண்டு போய்விட்டான்கள். கையில் தட்டுகிற கம்பியைத் தவிர ஒன்றும் இல்லாத பிள்ளையை.

மூன்றாம் நாள் வார்டு ஆபீஸில் கூப்பிட்டு ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கொடுத்தார்கள். சாம்பல். முகத்தைக்கூடப் பார்க்கவில்லை அண்ணே. யாரைக் கேட்டு எரித்தீர்கள் என்று கத்தினேன். வார்டைப் பார்த்துக்கொள்கிற லூஜி, "கத்தாதே வேலம்மா, எல்லாம் முறைப்படிதான் நடந்துச்சு" என்கிறான். எந்த முறைப்படி?

பிறகு ஒரு பேப்பரை நீட்டினான். என் மகன் வலிப்பு வந்து விழுந்து செத்தான் என்று எழுதியிருக்கிறதாம். தாய் கையெழுத்துப் போட வேண்டுமாம். இருபத்திரண்டு வருஷத்தில் அவனுக்கு ஒரு நாள் வலிப்பு வந்தது உண்டா? உங்கள் மடியில் வளர்ந்த பிள்ளைதானே, நீங்களே சொல்லுங்கள். கையெழுத்துப் போட மாட்டேன் என்று வந்துவிட்டேன்.

இப்போது நானும் எட்டு மணிக்குத் தட்டுகிறேன். சோறு வடிக்கிற குண்டானை வராந்தாவில் வைத்துத் தட்டுகிறேன். அடிப் பக்கம் நசுங்கிவிட்டது. நசுங்கட்டும்.

29ஆம் தேதி பதினாறாம் நாள். தாய்மாமன் நீங்கள் வந்து நிற்க வேண்டும். சேகரையும் கூட்டி வாருங்கள். லத்தாவில் மொத்தக் கடையில் வேலை பார்க்கிறவன், இரண்டு மைல் தள்ளி இருக்கிற அத்தை வீட்டை இன்னும் எட்டிப் பார்க்கவில்லை. மணியோடு ஒரே தட்டில் சாப்பிட்டவன். அவனுக்கு என்ன கோபம் என்மேல்?

இப்படிக்கு,
வேலம்மா

---

முருகன் துணை

கியாக்தான்
26.3.2021

தங்கை வேலம்மாவுக்கு அண்ணன் எழுதிக்கொண்டது. இங்கு யாவரும் இருக்கிறோம். உன் மனதுக்குத் தைரியத்தைக் கொடுக்கும்படி ஆண்டவனை வேண்டிக்கொள்கிறேன்.

உன் கடிதம் கிடைத்தது. படித்துவிட்டுக் கடையைத் திறக்கவில்லை. திறந்தாலும் ஆள் இல்லை. ஆற்று நடுவில் இருக்கிற பகோடாவுக்குப் படகு போகாததால் மீனுக்குப் பொரி வாங்குகிறவர்களும் வருவதில்லை.

பதினாறாம் நாளுக்கு என்னால் வர முடியாது. பாதையில் நாலு இடத்தில் செக் செய்கிறார்கள். நீ வருத்தப்படுவாய். என்ன செய்வது.

ஒன்று சொல்கிறேன், கோபப்படாமல் கேள். போனவன் போய்விட்டான். வலிப்பு என்று எழுதினால் என்ன, வேறு என்று எழுதினால் என்ன. அவர்கள் கேட்கிற கையெழுத்தைப் போட்டுவிடு. எட்டு மணிக்குத் தட்டுவதையும் நிறுத்து. தட்டுகிற வீட்டுக் கண்ணாடியைக் கல்லெறிந்து உடைக்கிறார்கள் என்று ரிஹான் சொன்னான். நீ தனி மனுஷி. கையெழுத்தைப் போட்டுவிட்டு இங்கே வந்துவிடு.

உடம்பைக் கவனித்துக்கொள்.

அன்பு அண்ணன்,
மாரிச்சாமி

---

அலோன்
31.3.2021

அண்ணன் மாரிச்சாமிக்கு வேலம்மா எழுதுவது. நீங்கள் யாவரும் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். சந்தோஷம். இருங்கள்.

பதினாறாம் நாள் முடிந்தது. ஐயர் வரப் பயந்தார். சங்கு ஊதுகிற ஆளைக் கேட்டேன். "சத்தம் வந்தா என்னைத்தான் புடிப்பாங்க, சங்கு இல்லாம முடிச்சுக்குங்கம்மா" என்றார். மணி ஐந்து வயதில் அப்பனுக்குக் கொள்ளி வைக்கப் போனபோது சங்கும் சேகண்டியும் முன்னால் போயின. அவன் போனதற்கு ஒன்றும் இல்லை. நானே இலை போட்டேன், நானே கும்பிட்டேன். தாய்மாமன் நிற்க வேண்டிய இடத்தில் மேல் மாடி ஜைனப் நின்றாள். "எங்களுக்கு இதெல்லாம் தெரியாதுக்கா, ஆனா நிக்கத் தெரியும்" என்று சொல்லி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றாள்.

அன்று எட்டு மணிக்குத் தெருவே தட்டியது. எதிர் வீட்டுச் சீனக் கிழவி எண்ணெய்ச் சட்டியைத் தட்டினாள். மூங்கில் கடைக்காரர் இரண்டு தகர மூடியை மோதினார். கிறிஸ்தவ வீட்டுப் பெண் ஜாஸ்லின் சைக்கிள் பெல்லை அடித்துக்கொண்டே இருந்தாள். கால் மணி நேரம். எனக்கு அதுதான் சங்கு, அதுதான் சேகண்டி. அதை நிறுத்தச் சொல்கிறீர்கள்.

போன புதன்கிழமை ஊர் முழுவதும் ஒரு சத்தமும் காட்டாமல் இருப்பது என்று எல்லோரும் சேர்ந்து முடிவு செய்தார்கள். கடை இல்லை, பஸ் இல்லை, ஒரு சைக்கிள் இல்லை. ரங்கூனில் காக்காய்ச் சத்தம் மட்டும் கேட்டது. அன்றைக்குத்தான் பட்டாளத்தானுக்கு ரொம்பக் கோபம். பேசாமல் இருந்தாலும் தட்டினாலும் எங்களைக் கண்டு பயப்படுகிறான் அண்ணே. துப்பாக்கி வைத்திருக்கிறவன் பயப்படுகிறான். கியாக்தானில் பொரி விற்கிற நீங்களும் பயப்படுகிறீர்கள்.

"எல்லாரும் வீட்டுக்குள்ள இருந்துதானே தட்டுறோம், எட்டு மணிக்கு மேல தெருவுல கால் வைக்கக் கூடாதுன்னு சட்டம் போட்டிருக்கான், மணி எதுக்குக்கா கீழ போனான்?" என்று ஜைனப் கேட்டாள். வடைக்கு மாவு ஆட்ட வேண்டும் என்று எழுந்து போய்விட்டேன்.

வலிப்பு என்றால் என்ன, வேறு என்றால் என்ன என்று எழுதியிருக்கிறீர்கள். வலிப்பு என்றால் யாரும் கொல்லவில்லை என்று அர்த்தம். இதுகூட உங்களுக்குத் தெரியாதா? நீங்கள் என்னைவிட நாலு வகுப்பு கூடப் படித்தவர்.

சேகரைப் பற்றிக் கேட்டிருந்தேன். ஒரு எழுத்துக்கூட நீங்கள் எழுதவில்லை.

வேலம்மா

---

முருகன் துணை

கியாக்தான்
17.4.2021

தங்கை வேலம்மாவுக்கு. இங்கு எல்லாம் ஒருவாறு நடக்கிறது. உன் சுகத்துக்கு எழுது.

பதில் எழுத நாளாகிவிட்டது. உன் மதினிக்கு உடம்பு சரியில்லை. படுத்தே இருக்கிறாள். சேகர் வேலை விஷயமாக வெளியூரில் இருக்கிறான்.

தண்ணீர்த் திருவிழா இந்த வருஷம் இல்லை. யாரும் யார் மேலும் தண்ணீர் ஊற்றவில்லை.

நான் மறுபடியும் சொல்கிறேன். கையெழுத்தைப் போட்டுவிடு. ஒரு பதினைந்து நாள், பதினைந்தே நாள், உன் வீட்டிலிருந்து சத்தம் வராமல் பார்த்துக்கொள். ஏன் எதற்கு என்று கேட்காதே. உன்னிடம் நான் இதுவரை எதுவும் கேட்டதில்லை. இதைக் கேட்கிறேன்.

மாரிச்சாமி

---

அலோன்
22.4.2021

மாரிச்சாமிக்கு,

உன் சுகத்தை நான் விசாரிக்கவில்லை.

நேற்று வார்டு ஆபீஸுக்குப் போனேன். குடும்ப லிஸ்டில் மணி பேரை அடிக்க வேண்டும், வா என்று ஆள் விட்டிருந்தார்கள். அந்தக் குமாஸ்தாப் பையன் மறுபடி அந்த வலிப்புப் பேப்பரை எடுத்துப் போட்டான். "ஏன் ஆண்ட்டி இவ்வளவு அடம்? உங்க ஆளு ஒருத்தர் ஏற்கெனவே போட்டுட்டாரு. நீங்க போட்டா முடிஞ்சுது. இதோ பாருங்க, உங்க எழுத்துதானே, என்ன பேருன்னு எனக்கே படிச்சுச் சொல்லுங்க" என்று விரலை வைத்துக் காட்டினான்.

படித்தேன். மா. ரி. ச். சா. மி.

அதற்குப் பக்கத்தில் தேதி. மார்ச் 15.

மணி செத்த மறுநாள் நீ ரங்கூனில் இருந்திருக்கிறாய். நான் இந்த மூன்றாம் மாடியில் தரையில் விழுந்து கிடந்தபோது நீ அரை மைலில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து என் பிள்ளைக்கு வலிப்பு என்று கையெழுத்துப் போட்டிருக்கிறாய். எரிக்கச் சொன்னதும் நீதான். முறைப்படி நடந்தது என்று லூஜி சொன்னது இதைத்தான். தாய்மாமன் கையெழுத்து இருக்கிறது, பிறகென்ன முறை.

ஆபீஸ் பேப்பரில் எல்லாம் பர்மா எழுத்தில் போடுகிறவன், இதில் மட்டும் தமிழில் போட்டிருக்கிறாய். யாருக்கும் தெரியாது என்று நினைத்தாயா? படிக்கத் தெரிந்த ஒருத்தி இருக்கிறாள் என்று உனக்கு நினைவில்லையா?

எதற்காகப் போட்டாய்? உன் கடையைக் காப்பாற்றவா? அடித்தார்களா? அடித்தார்கள் என்றாவது எழுது. நான் நம்பிக்கொள்கிறேன்.

அவன் முகத்தைப் பார்த்தாயா? அதை மட்டும் எழுது. பெற்றவள் நான் பார்க்கவில்லை. நீ பார்த்திருப்பாய். எங்கே சுட்டிருந்தான்கள்? கண் திறந்திருந்ததா? உன்னிடம் எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

இனி என் வீட்டு வாசலை மிதிக்காதே.

வே.

---

கியாக்தான்
8.5.2021

அன்பான நாத்தி வேலம்மாவுக்கு, மதினி கமலாட்சி எழுதிக்கொள்வது. எனக்கு எழுதிப் பழக்கமில்லை. பொறுத்துக்கொண்டு படி. நீ நன்றாக இருக்கிறாயா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

உன் கடிதத்தை இவர் சட்டைப் பையிலேயே இரண்டு வாரம் வைத்திருந்தார். துவைக்கும்போது எடுத்துப் படித்தேன். இவர் எழுத மாட்டார். நான் எழுதுகிறேன்.

சேகர் வெளியூரில் இல்லை. ஜெயிலில் இருக்கிறான். அன்றைக்கு மணியைப் பார்க்க லத்தாவிலிருந்து வந்திருக்கிறான். மாடிக்கு வராமல் கீழேயே நின்றிருக்கிறான். இரண்டு பேரும்தான் அந்தக் கம்பத்தைத் தட்டியிருக்கிறார்கள். மணியைச் சுட்டார்கள், இவனைப் பிடித்தார்கள். விடிந்ததும் இவருக்குப் போன் வந்தது. மகனைப் பார்க்க ஓடினார். போன இடத்தில் மணியைக் காட்டியிருக்கிறார்கள்.

"அந்தப் பையன் வலிப்புல செத்தான்னு நீயும் உன் தங்கச்சியும் கையெழுத்துப் போடணும், அந்த வீட்டிலிருந்து சத்தம் வரக் கூடாது, அப்பத்தான் உன் பையன் வெளியே வருவான்" என்று சொல்லியிருக்கிறான் ஒரு ஆபீசர். "யாருகிட்டயாவது சொன்னே, இவனுக்கும் வலிப்பு வரும்" என்றும் சொல்லியிருக்கிறான். அதனால் இவர் வாயைத் திறக்கவில்லை. என்னிடமே ஒரு மாதம் கழித்துத்தான் சொன்னார்.

நீ எங்களைத் திட்டு. உனக்கு உரிமை இருக்கிறது. கையெழுத்தைப் போடு என்று நான் சொல்ல மாட்டேன். உன் பிள்ளை சாவைப் பொய்யாக்கி என் பிள்ளையைக் கொடு என்று கேட்க நான் யார்? ஆனால் தெரிந்துகொண்டு நீ முடிவு செய்ய வேண்டும் என்று எழுதுகிறேன். அவனுக்கு இருபது வயது.

உன் மதினி,
கமலாட்சி

---

அலோன்
13.5.2021

அன்புள்ள மதினிக்கு, வேலம்மா எழுதுவது. உங்கள் உடம்பு இப்போது எழுந்து நடமாடும்படி இருக்கிறதா? எனக்கு மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை.

உங்கள் கடிதத்தை ரிஹான் பாய் கொடுத்த அன்றைக்கு எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. உங்கள் மேல் இல்லை, சேகர் மேல் இல்லை. ஒரு பிள்ளையைக் கொன்றுவிட்டு இன்னொரு பிள்ளையைக் காட்டி விலை பேசுகிறான்களே, அவன்கள் மேல். அதை வாயை மூடிக்கொண்டு மடியில் கட்டிக்கொண்டு திரிந்த உங்கள் புருஷன் மேல். முதல் நாளே என் படியேறி வந்து என் காலடியில் உட்கார்ந்து சொல்லியிருந்தால் நான் என்ன, சேகரைச் சாகட்டும் என்றா சொல்லியிருப்பேன்? என்னை அவ்வளவுதான் தெரிந்து வைத்திருக்கிறார்.

நேற்று வார்டு ஆபீஸுக்குப் போனேன். லூஜி நாற்காலி போடச் சொன்னான். கொலை செய்கிறவன்கள் இடத்தில் மரியாதை நன்றாகத்தான் இருக்கிறது. "பர்மா எழுத்துத் தெரியாது, தமிழில்தான் போடுவேன்" என்றேன். "எதில் வேணும்னாலும் போடு" என்றான்.

குனிந்து எழுதினேன். எழுத்து கையெழுத்துக் கோட்டைத் தாண்டி ஓரத்தில் வளைந்து கீழே வரைக்கும் போயிற்று. குமாஸ்தாப் பையன் எட்டிப் பார்த்து, "என்ன ஆண்ட்டி, உங்க பேரு ரயில் மாதிரி போய்க்கிட்டே இருக்கே!" என்று சிரித்தான். "எங்க ஆளுங்க பேரோட அப்பா பேரு, தாத்தா பேரு, ஊரு பேரு எல்லாம் சேர்ந்து வரும் தம்பி" என்றேன். முத்திரை குத்தினான். நன்றாக அழுத்திக் குத்தினான்.

நான் எழுதினது என் பேர் இல்லை மதினி. "என் மகன் தமிழ்மணியைச் சுட்டுக் கொன்றார்கள், அவனுக்கு வலிப்பு கிடையாது" என்று எழுதியிருக்கிறேன். அதற்கு மேல்தான் சர்க்கார் முத்திரை இருக்கிறது.

நேற்று எட்டு மணியிலிருந்து தட்டவில்லை. பதினைந்து நாள் என்றால் பதினைந்து நாள். சேகர் வந்ததும் எழுதுங்கள்.

வேலம்மா

---

அலோன்
24.5.2021

அன்புள்ள மதினிக்கு. நீங்கள் சுகமா? இங்கிருந்து எழுத ஒன்றும் இல்லை, ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

பன்னிரண்டு நாள் ஆகிவிட்டது. தட்டுவது கஷ்டம் இல்லை மதினி, தட்டாமல் இருப்பதுதான். எட்டு மணிக்குக் குண்டானை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிட்டு இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்காருகிறேன். கை துடிக்கிறது.

தெருவில் தட்டுகிறவர்களும் குறைந்துவிட்டார்கள். மூங்கில் கடைக்காரர் வீட்டுக்குள் ஏறிப் போய் அவரைப் படியில் இழுத்துக்கொண்டு போனான்கள். அதற்குப் பிறகு இரண்டு மூன்று வீடுதான். ஜாஸ்லின் பெல் சத்தம் இல்லை. மேலே ஜைனப் மட்டும் விடவில்லை.

ஜைனப் படியில் என்னை நிறுத்தினாள். "என்னக்கா, கை சுளுக்கிக்கிச்சா?" என்றாள். விலகிப் படியிறங்கப் பார்த்தேன். "லூஜி ஆபீஸ்ல நாற்காலி போட்டு உக்கார வச்சானாமே. நாற்காலி நல்லா இருந்துச்சா?" என்றாள். சேகர் வெளியே வரும் வரை இந்த வாயைத் திறக்க மாட்டேன். கடைசியில் அவளுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது போல. "சரி போ, உன் பங்கையும் சேர்த்து நானே தட்டுறேன், என் பாத்திரம் நசுங்கினா நீதான் வாங்கித் தரணும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்றிலிருந்து மேலே இரண்டு விதமான சத்தம் கேட்கிறது.

நான் படகுத்துறைக்குப் போய் வடை போட்டு விற்கிறேன். என்னைத் தெரிந்தவர்கள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு வாங்குகிறார்கள்.

உங்கள் பிள்ளை இன்னும் வரவில்லையா?

வேலம்மா

---

முருகன் துணை

கியாக்தான்
30.5.2021

என் தங்கை வேலம்மாவுக்கு,

சேகர் நேற்று முன்தினம் வந்துவிட்டான். ஒரு பக்கத்துக் காது கேட்கவில்லை. மற்றபடி உயிரோடு இருக்கிறான். இதற்கு மேல் உனக்கு என்ன எழுத வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை.

நீ கேட்டதை எழுதுகிறேன். முகத்தில் ஒன்றும் இல்லை. நெஞ்சுக்குக் கீழே, இடது பக்கம். கண் மூடியிருந்தது. நான் மூடினேன் என்று உனக்குப் பொய் எழுத மாட்டேன், யாரோ மூடியிருந்தார்கள். வலது கை விரல்கள் கம்பியைப் பிடித்த மாதிரியே மடங்கியிருந்தன. நான் நீட்டிப் பார்த்தேன், வரவில்லை. தலையைத் தடவிவிட்டு வந்தேன். ஐந்து நிமிஷம்தான் கொடுத்தார்கள். பிறகு பேப்பர். உன்னிடம் வந்து சொல்லியிருக்க வேண்டும். உன் வீட்டுத் தெருமுனை வரை வந்தேன். ரத்தத்தைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். அப்படியே திரும்பிவிட்டேன்.

நீ பேப்பரில் என்ன எழுதினாய் என்று கமலாட்சி சொன்னாள். அதிலிருந்து தூக்கம் இல்லை. ரங்கூனில் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் நீயும் நானும் மட்டுமா? ஒருவன் அந்த மேஜைப் பக்கம் போனால் போதும். எழுதினது தப்பு, மாற்றிப் போடுகிறேன் என்று ஏதாவது சாக்குச் சொல்லி வேறு கையெழுத்துப் போட்டுவிடு. அல்லது இங்கே வந்துவிடு. வாசலை மிதிக்காதே என்றாய், நான் மிதிக்கவில்லை. நீ என் வாசலுக்கு வா.

அன்று நடந்ததைச் சேகர் சொன்னான். மணி கீழே வந்தபோது என்ன சொன்னான் என்றும் சொன்னான். அதை நான் எழுதப் போவதில்லை. யாருக்கும் சொல்லவும் போவதில்லை.

மாரிச்சாமி

---

அலோன்
4.6.2021

அண்ணன் மாரிச்சாமிக்கு வேலம்மா எழுதுவது. சேகர் சாப்பிடுகிறானா? காதுக்கு நல்ல டாக்டராகப் பார்த்துக் காட்டுங்கள். ஜெயிலிலிருந்து வந்த பிள்ளை என்று சொல்ல வேண்டாம், கீழே விழுந்துவிட்டான் என்று சொல்லுங்கள்.

முகத்தைப் பற்றி எழுதினீர்களே, அதற்கு நன்றி. அந்த வரியை மட்டும் மறுபடி மறுபடி படிக்கிறேன். உங்களை மன்னித்துவிட்டேன் என்று எழுதப் பார்த்தேன். எழுதினேன், அடித்துவிட்டேன். மேலே கறுப்பாக இருக்கிறதே, அதுதான். இன்னும் வரவில்லை அண்ணே. வந்தால் எழுதுகிறேன்.

கையெழுத்தை மாற்ற மாட்டேன். தமிழ் தெரிந்தவன் அந்த மேஜைக்கு வந்தால் வரட்டும், படிக்கட்டும். படிக்கத்தானே எழுதினேன்.

சேகர் வந்துவிட்ட செய்தி கிடைத்த அன்றே கதவைத் திறந்து குண்டானை வெளியே எடுத்தேன். எட்டு மணி ஆனதும் மேலே ஜைனப் தட்டினாள், கீழே நான் தட்டினேன். வேறு யாரும் தட்டவில்லை. ஜைனப் கைப்பிடிச் சுவரில் எட்டிப் பார்த்து, "சுளுக்கு விட்டுருச்சாக்கா?" என்று கத்தினாள். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். மார்ச்சுக்குப் பிறகு அன்றுதான் சிரித்தேன்.

இப்போது சேகர் சொன்ன விஷயம். எழுதப் போவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். என்மேல் இரக்கப்பட்டு மறைக்கிறீர்கள். வேண்டாம். இந்தக் குடும்பத்தில் மறைத்தது போதும். மணி அவனிடம் என்ன சொன்னான் என்று எனக்குத் தெரியும். நானே எழுதுகிறேன்.

"அம்மா பாத்திரம் தரலடா, வா, கம்பத்தைத் தட்டலாம்" என்று சொல்லியிருப்பான். சிரித்துக்கொண்டுதான் சொல்லியிருப்பான்.

அன்று எட்டு மணி ஆகப் போகிற நேரத்தில் அவன் அடுப்படிக்கு வந்து குண்டானைத் தூக்கினான். முன்னாடியெல்லாம் ஒரு பழைய பிஸ்கட் டின்னைத்தான் தட்டுவான். அது கிழிந்துபோயிருந்தது. நான் கரண்டியைப் பிடுங்கிக்கொண்டேன். "சோறு ஆக்குற பாத்திரத்தைத் தட்டாதேடா, வீட்டுல லட்சுமி தங்க மாட்டா, தரித்திரம் புடிக்கும்" என்றேன். "அம்மா, பட்டாளம் புடிச்சிருக்கு, இதுக்கு மேல என்ன தரித்திரம் புடிக்கப் போகுது?" என்றான். குண்டானை நான் விடவில்லை. இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தோம். அவன் விட்டுவிட்டான். "சரி, உன் லட்சுமியை நீயே வச்சுக்க" என்று சொல்லிவிட்டுப் படியில் இறங்கினான். தெருவில் கால் வைக்கக் கூடாத நேரம் வந்துவிட்டது என்று எனக்குத் தெரியும். கூப்பிட்டு நிறுத்தவில்லை. பாத்திரம் தப்பித்தது என்று இருந்தேன். அதைக் கவிழ்த்து வைத்துக்கொண்டிருக்கும்போதுதான் சுட்டான்கள்.

ஜைனப் கேட்டபோது நான் ஏன் எழுந்து போனேன் என்று இப்போது தெரிகிறதா? நீங்கள் ஒரு கையெழுத்தை மறைத்தீர்கள். நான் இதை மறைத்தேன். உங்களைத் திட்டி எழுதின ஒவ்வொரு கடிதத்திலும் பாதி எனக்கு எழுதினது.

ஆனால் சுட்டது நான் இல்லை. நீங்களும் இல்லை. ராத்திரியெல்லாம் யோசித்து இந்த ஒன்றைத்தான் நான் கெட்டியாகப் பிடித்திருக்கிறேன். பாத்திரம் கொடுக்காத அம்மா ஊரெல்லாம் இருக்கிறாள். அதற்காக யாரும் பிள்ளையைச் சுடுவதில்லை. சுட்டவனை விரட்டத்தான் நான் தட்டுகிறேன், அவன் போகிற வரைக்கும் தட்டுவேன். வீட்டுக் கதவை உடைத்தால் உடைக்கட்டும். உங்கள் ஊருக்கு வர மாட்டேன்.

மதினியிடம் ஒன்று சொல்லுங்கள். சேகர் வயதுப் பிள்ளை சும்மா இருக்க மாட்டான். நாலு நாள் படுத்திருப்பான், ஐந்தாம் நாள் எட்டு மணி ஆனால் அவனுக்குக் கை துடிக்கும். அப்போது அடுப்படிக்கு வருவான். நல்ல பாத்திரம், புதுப் பாத்திரம், கல்யாணச் சீராக வந்த பாத்திரம், எதைக் கேட்டாலும் எடுத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். சோறு இருந்தால் இலையில் கொட்டிவிட்டுக் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
மணியின் அம்மா வேலம்மா